மூன்று கட்டையில் ஒரு வசந்தம்

ஃபேனை நிறுத்தப் போகிறோம் என்று மேடையிலிருந்து சொன்னதும் ஹாலில் ஒரு முனகல் எழுந்தது. பங்குனி மாதம், பாலக்காடு, மாலை ஆறு மணி. பகலெல்லாம் 40 டிகிரியில் வெந்த சுவர் அப்போதுதான் சூட்டை உள்ளே விட ஆரம்பித்திருந்தது. ஏசி இல்லாத பழைய ஹால். மேலே பத்துப் பன்னிரண்டு ஃபேன், அதில் பாதி கடக் கடக் என்று தானாகத் தாளம் போடுகிற ரகம். மேடையில் 13 பேர் கறுப்புச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இருந்த ஸ்டாண்டுகளில் நோட்டுத் தாள்களைத் துணி காயப்போடுகிற கிளிப் மாட்டி வைத்திருந்தார்கள், பச்சை, சிவப்பு, ஊதா என்று, நம் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் இருக்குமே அதே கிளிப். அப்படியும் தாளின் ஓரங்கள் படபடத்தன. காற்றுக்காகவும் சத்தத்துக்காகவும் ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிகழ்ச்சிக்குத் தலைப்பு வசந்தம்.

"வசந்தமாமில்ல வசந்தம்" என்றார் அத்தை, முந்தானையால் விசிறிக்கொண்டே.

அத்தையை ஏன் அழைத்துப் போனேன் என்று சொல்ல வேண்டும். எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை. சித்தூர் தாலூக்கா. ஆந்திரத்துச் சித்தூர் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் தெலுங்கில் நலம் விசாரித்தவர்கள் உண்டு. இது பாலக்காட்டுச் சித்தூர். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம், பொள்ளாச்சிச் சந்தையில் மறுபடியும் தமிழ் என்று ஓடுகிற பிழைப்பு. அத்தை பாலக்காட்டில் பாடகர் செம்பை பெயரில் இருக்கிற சங்கீதக் கல்லூரியில் படித்தவர். மேடை ஏறிப் பெயர் வாங்கியவர் இல்லை, ஆனால் முப்பது வருடமாக எங்கள் வீட்டுத் திண்ணையில் சரளிவரிசை நின்றதில்லை. அந்தக் காது எனக்கு இல்லை. நான் இரவில் ஹெட்ஃபோனில் மேற்கத்திய சங்கீதம் கேட்டுத் தூங்குகிற ஆள், எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோலக் கேட்பேன். எனவே ஒரு சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா பாலக்காட்டுக்கே வருகிறது, இரண்டு பாட்டுக்காரர்களும் உண்டு, ஒருவர் சோப்ரானோ, அதாவது மேற்கத்திய முறையில் உச்ச ஸ்தாயியில் பாடுகிற பெண், ஒருவர் கர்னாடகம் என்று தெரிந்ததும், தனியாகப் போய் என்ன செய்ய என்று அத்தையையும் பஸ் ஏற்றிவிட்டேன்.

நிகழ்ச்சித் தாள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தது. தமிழில் இல்லை. ஹாலில் பாதிப் பேர் கல்பாத்தி, சித்தூர்ப் பக்கத்து ஆட்கள், பேச்செல்லாம் தமிழ். சரி, இதற்கெல்லாம் எங்கள் பக்கம் யாரும் கோபப்படுவதை விட்டுப் பல காலமாகிறது.

முதலில் இத்தாலிக்காரர் விவால்டி. அவருடைய நான்கு பருவங்களில் முதல் பருவம், 1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. செல்போன் காலர் டியூனாகவும் கல்யாண வீடியோவுக்குப் பின்னணியாகவும் தேய்ந்துபோன இசைதான், ஆனாலும் பத்தடி தூரத்தில் பத்துக்கும் மேற்பட்ட வில்கள் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இறங்குவதைப் பார்ப்பது வேறு. ஆர்க்கெஸ்ட்ரா என்றாலும் முன்னால் நின்று கோலை ஆட்டி நடத்த யாரும் இல்லை. தனி வயலின் வாசிக்கிறவர் மூச்சை இழுக்கிறார், அந்த மூச்சிலேயே எல்லோரும் கிளம்புகிறார்கள். அத்தை அதைத்தான் முதலில் கவனித்தார். "நம்ம மிருதங்கக்காரரு பாக்கற மாதிரியேதான் பாக்குறாங்க ஒருத்தர ஒருத்தரு" என்றார். அப்புறம் உதடு அசையாமல் லேசாக முனகிப் பார்த்துவிட்டு, "மூணு கட்டை. மூணு கட்டை சங்கராபரணம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருடக்கணக்காக இதை ஈ மேஜர் என்றுதான் படித்து வந்திருக்கிறேன். கட்டை என்பது ஸட்ஜம் வைக்கிற சுருதியின் அளவு. ஒரு கட்டை என்பது ஹார்மோனியத்தில் ஸி, இரண்டு டி, மூன்று ஈ. மேஜர் என்றால் நம் சங்கராபரணம். அத்தை சொன்னதில் தப்பே இல்லை. விவால்டியின் வசந்தம் மூன்று கட்டையில்தான் இருக்கிறது. இதை ஏன் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மற்ற எல்லோரும் நிறுத்திக்கொள்ள, மூன்று வயலின் மட்டும் தமக்குள் கீச்சுக் கீச்சென்று பேசிக்கொள்கிற இடம் வருகிறது. பறவைகள். இந்த இசையோடு நான்கு சிறு கவிதைகளும் அச்சிடப்பட்டிருந்தன, எந்த வரி எந்த இடத்துக்கு என்று நோட்டிலேயே குறித்திருக்கிறார் விவால்டி. பறவை, ஓடை, இடி, மறுபடியும் பறவை. அத்தைக்குப் பறவை பெரிதாகப் படவில்லை. "பிருகா சுத்தமா விழுது" என்றதோடு சரி.

இரண்டாம் பகுதியில்தான் வம்பு. வேகம் குறைந்து, தனி வயலின் தூக்கம்போல நீளமாக இழைகிறது, மற்ற வயலின்கள் கீழே சன்னமாக அசைந்துகொண்டே இருக்கின்றன. செல்லோவும் பெரிய பேஸும் வாசிக்கவே இல்லை. வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான வயோலாவை வைத்திருந்தவர் மட்டும் கரகரவென்று இரண்டு தட்டு, ஒரு குட்டை ஒரு நெட்டை, திரும்பத் திரும்ப அதே இரண்டு தட்டு, அவ்வளவு மென்மையான சங்கதிக்கு நடுவில் மரத்தை அறுக்கிற மாதிரி. அத்தை நெளிந்தார். நாலாவது தடவை என் காதருகே வந்து, "அந்தத் தம்பிக்கு யாராச்சும் சொல்லக்கூடாதா, வில்லுல இத்தனை அழுத்தம் எதுக்கு?" என்றார்.

தாளை எடுத்துக் காட்டினேன். ஆடு மேய்க்கிறவன் புல்வெளியில் தூங்குகிறான், இலைகள் சலசலக்கின்றன, பக்கத்தில் அவன் நாய். வயோலாதான் நாய். குரைக்கிற நாய் என்றே விவால்டி எழுதி வைத்திருக்கிறார், எப்போதும் பலமாக, கிழிக்கிற மாதிரி வாசிக்க வேண்டும் என்றும் குறிப்பு. அத்தை மலையாளத்தில் மெதுவாகப் படித்து முடித்தார். "நாயா? அப்ப சரி." அதற்கப்புறம் முகம் மாறிவிட்டது. ஒவ்வொரு குரைப்புக்கும் தலை ஆட்ட ஆரம்பித்தார். ஆறாவது ஏழாவது குரைப்பில், "கீரவாணி மாதிரி இருக்குது, சுருதி ஒண்ணரைக்கு எறங்கிருச்சு பாரு" என்று சேர்த்துச் சொன்னார். அதுவும் சரிதான். இந்தப் பகுதி ஸி ஷார்ப் மைனர். நம் ஆண் பாடகர்கள் பலர் பாடுகிற அதே ஒன்றரைக் கட்டை.

மூன்றாம் பகுதி நாட்டுப்புற ஆட்டம். துருத்தி வாத்தியத்தைப்போலக் கீழ்த் தந்திகள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மேலே திஸ்ர நடையில் பாட்டு துள்ளுகிறது. "இப்பத்தான் சுருதி போட்டாங்க" என்று அத்தை நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். விவால்டி வெனிஸில் ஓர் அனாதை விடுதியில் பெண் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர், 1703-இல் சேர்ந்தார் என்று இடைவேளையில் சொன்னேன். இசையைவிட அந்தச் செய்திதான் அத்தைக்குப் பிடித்துவிட்டது. "எத்தனை புள்ளைங்க? பாட்டும் உண்டா? பீஸ் யாரு குடுத்தது?" என்று கேள்விமேல் கேள்வி.

அப்புறம் சோப்ரானோ வந்தார். முப்பது வயது இருக்கும். பட்டுப்புடவை. மைக்கை அவரே கையால் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு நின்றார். ஃபேன் இல்லாததன் பலன் அப்போது தெரிந்தது. குரல் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி சுவரிலிருந்தெல்லாம் வந்தது. எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் செம்பை வைத்தியநாத பாகவதரைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள், மைக்கே வேண்டாம், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன் நெஞ்சில் வந்து விழும் என்று. நான் பிறப்பதற்கு முன்பே, 1974-இல், அவர் போய்விட்டார். மைக் வந்த பிறகு நம் பாட்டு வேறாகிவிட்டது. கத்த வேண்டியதில்லை என்றதும் சுருதி இறங்கியது, மெல்லிய கமகங்களுக்கும் முணுமுணுப்புக்கும் இடம் கிடைத்தது. அது நஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கிடைத்ததற்குக் கொடுத்தது என்ன என்று அந்தப் பெண் வாயைத் திறந்த நிமிடத்தில் உறைத்தது.

வாயைப் பற்றி ஒன்று. மேலே போகப் போக அவர் வாய் பெரிதாகிக்கொண்டே போயிற்று. தாரஸ்தாயியில் நிற்கும்போது பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி. அத்தை திண்ணையில் பிள்ளைகளை இதற்குத்தான் அதட்டுவார். இங்கே அது பழக்கக் கோளாறு இல்லை, கணக்கு: உச்சத்தில் ஸ்வரம் ஏறும்போது தாடையை இறக்கினால் வாய்க்குள் இருக்கும் காற்றறையின் ஒலிப்பும் கூடவே ஏறி அந்த ஸ்வரத்தைத் தாங்கிப் பெருக்குகிறது, மைக் செய்கிற வேலையில் ஒரு பங்கை வாயே செய்துவிடுகிறது. இதற்கு விலை சொல். உச்சத்தில் அ, இ, உ எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும், பாட்டு ஜெர்மனில் இருந்தாலும் ஜெர்மன்காரருக்கே புரியாது. "சாகித்யத்த முழுங்கிட்டாளே" என்று அத்தை வருத்தப்பட்டபோது, தெரிந்துதான் முழுங்குகிறார் என்று சொன்னேன். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் பாடிய முதல் பாட்டு மொட்சார்ட்டுடையது, குழந்தைகளுக்கு எழுதிய சின்னப் பாட்டு. மே மாதமே சீக்கிரம் வா, மரங்களைப் பச்சையாக்கு, நான் வெளியே போய் விளையாட வேண்டும் என்று கெஞ்சுகிற பாட்டு. "இது நோட்டுஸ்வரம்டா" என்றார் அத்தை உடனே. முத்துசாமி தீட்சிதர் வெள்ளைக்கார மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் எழுதினாரே, அந்தச் சின்னச் சின்ன உருப்படிகள். அவருடைய தம்பி பாலுசாமிதான் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். திண்ணையில் புதுப்பிள்ளைகளுக்கு அத்தை சொல்லிக்கொடுக்கும் சியாமளே மீனாக்ஷியும், கான்வென்ட் குழந்தைகள் பாடும் ட்விங்கிள் ட்விங்கிளும் ஒரே மெட்டு. அந்த மெட்டை வைத்துத்தான் மொட்சார்ட்டும் 12 விதமாகப் பியானோவில் விளையாடியிருக்கிறார். ஆக, அத்தைக்கு அந்தப் பாட்டு அயலூர்ச் சரக்காகவே படவில்லை.

ஆனால் மே மாதமே வா என்றதும் எங்கள் வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. வா என்று யாராவது கூப்பிடுகிற மாதமா அது! பாலக்காட்டில் மே என்றால் கிணறு வற்றும், பனையோலைகூட அசையாது. பாலக்காட்டுக் கணவாய் என்று பேர், மலைத்தொடரில் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்து கிடக்கிறது, மார்கழியிலும் தையிலும் ஆளைத் தள்ளுகிற காற்று சித்திரையில் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ.

மொட்சார்ட் அதை எழுதியது 1791 ஜனவரி 14. வியன்னாவில் நடுக்குளிர். அந்த வருடம் டிசம்பரில் அவர் இறந்தும்விட்டார். இந்தத் தேதி எனக்கு முன்பே தெரியும், ஆனால் அந்தப் புழுக்கத்தில், முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அதன் பொருள் பிடிபட்டது. மேயில் உட்கார்ந்து மேயைப் பாடவில்லை அந்த மனிதர். கதவைத் திறக்க முடியாத மாதத்தில் உட்கார்ந்து, திறக்கிற மாதத்தைக் கூப்பிடுகிறார். அப்படிப் பார்த்தால் நாங்கள் அதே குரலில் கூப்பிடுவது இடவப்பாதியை. ஜூன் முதல் வாரத்து மழையை. அவர்களுக்கு வசந்தம் எதுவோ அது எங்களுக்கு மழை. பள்ளிப் புத்தகத்தில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று மனப்பாடம் செய்தபோதே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். ஹாலுக்கு வெளியே கொன்றை பூத்துக் கொட்டிக்கிடந்தது, விஷுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. சங்கப் பாட்டுகளில் கொன்றை கார்காலத்துப் பூ. பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையை, இந்த மரத்துக்கு அறிவே இல்லை என்று தோழி கேலி செய்வாள். எங்கள் ஊர்க் கொன்றைக்கு மழை ஏமாற்றக்கூடத் தேவையில்லை, தானாகவே அவசரம்.

சோப்ரானோவின் அடுத்த பாட்டு கிரீக் என்ற நார்வேக்காரருடையது, 1880-இல் பாட்டாக எழுதி, பிறகு தந்தி வாத்தியங்களுக்கு மட்டும் மாற்றினார். ஒரு மனிதன் பனி உருகுவதைப் பார்க்கிறான். இன்னொரு தடவை பார்க்கக் கிடைத்ததே, இதுவே கடைசியாகவும் இருக்கலாம் என்று நினைக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. முதல் தடவை மெட்டு நடுஸ்தாயியில் வருகிறது, அடுத்த தடவை அதையே வயலின்கள் உயரத்தில், இருக்கிறதா இல்லையா என்பது மாதிரி வாசிக்கின்றன. செல்லோக்காரரின் மூக்கு நுனியில் வேர்வை ஒரு சொட்டுத் திரண்டு நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெடுத்துத் துடைக்க முடியாது, வில் பாதி வழியில் இருக்கிறது. பாட்டு முடிகிற வரை அந்தச் சொட்டு விழவில்லை. அத்தை இந்தப் பாட்டுக்குக் கட்டை சொல்லவில்லை. ராகமும் சொல்லவில்லை.

வசந்தம் என்று பெயர் வைத்தால் அது கேட்டுவிடும் போலிருக்கிறது மனிதக் காதுக்கு. பீத்தோவனின் வசந்த சொனாட்டாவுக்கு அவர் அந்தப் பெயர் வைக்கவில்லை. அமெரிக்கர் கோப்லாண்ட் 1944-இல் 13 வாத்தியங்களுக்கு எழுதிய ‘அப்பலேசியன் ஸ்பிரிங்’ என்ற நாட்டிய இசையில் வசந்தம் அப்படியே வருகிறது என்று ஆட்கள் அவரிடம் சிலாகிப்பார்களாம். இசையை எழுதி முடிக்கும்வரை அவருக்குத் தலைப்பே தெரியாது. அதற்கு ஆடிய நாட்டியக்காரர் மார்த்தா கிரகாம் ஒரு கவிதையிலிருந்து எடுத்து வைத்த பெயர் அது, அந்தக் கவிதையில் ஸ்பிரிங் என்ற சொல்லுக்கு நீரூற்று என்று பொருள்! நம் வசந்தா ராகம் மட்டும் என்ன, வருடம் முழுக்க எந்தச் சாயங்காலமும் பாடுகிறோம். அதில் வசந்தம் எங்கே இருக்கிறது என்று அத்தையிடம் கேட்டால், "பேருல" என்பார்.

கடைசி உருப்படி அந்த வசந்தாதான். கோபாலகிருஷ்ண பாரதியின் நடனம் ஆடினார். பாடியவர் பாலக்காட்டு இளைஞர், நல்ல கனத்த சாரீரம். ஒரு கட்டை சுருதி. செல்லோவின் கடைசித் தந்தி மீட்டினாலே ஸி, அதாவது ஒரு கட்டை ஸட்ஜம், விரலே வைக்க வேண்டாம், எனவே செல்லோவையே தம்புரா ஆக்கிவிட்டார்கள். இந்த யோசனை யாருடையதோ, அவருக்கு ஒரு நமஸ்காரம். வசந்தாவில் பஞ்சமம் கிடையாது, ஸட்ஜம் மட்டும் தடித்த குரலில் ஓட, அதன்மேல் அவர் மத்யமத்தில் போய் நின்றபோது ஹால் முழுக்க "ஆஹா" கேட்டது. கல்பாத்திக்காரர்கள் அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த ஓர் ஆஹாவில் வந்துவிட்டது.

பிறகு நடந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பாட்டு கண்ட ஜாதி அட தாளம். 5, 5, 2, 2, ஆக 14 அட்சரம் ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம். தந்திக் குழு அதை எழுதி வைத்து, எண்ணி, ஒழுங்காகவே வாசித்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாடகர் அங்கேயே கற்பனையாக ஸ்வரம் பாடுகிற கல்பனாஸ்வரத்துக்கு நாலு ஆவர்த்தனம் என்று ஒத்திகையில் பேசி வைத்திருப்பார்கள் போல. பையன் மூன்றாவது ஆவர்த்தனத்தில்தான் சூடு பிடித்தான். தைவதத்தைச் சுற்றி ஒரு கணக்கு கட்ட ஆரம்பித்துவிட்டான், அது நாலில் முடிகிற கணக்கு இல்லை என்று அத்தை மாதிரி ஆட்களுக்கு உடனே தெரிந்துவிட்டது, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கைகள் எல்லாம் ஒரு நொடி பரபரத்தன. முதல் வயலின் வில்லைத் தூக்கினார். மூச்சை இழுத்தார். 13 பேரும் பல்லவிக்குள் இறங்கிவிட்டார்கள். பையன் பாதி ஸ்வரத்தில் நின்றான், மிருதங்கக்காரர் இடது கை அந்தரத்தில். சிரித்துச் சமாளித்துக்கொண்டு அவனும் பல்லவியில் சேர்ந்துகொண்டான். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

யார் மேலும் தப்பு சொல்ல மாட்டேன். அவர்கள் தாளைப் பார்க்கிறவர்கள், தாளில் நாலு என்று இருக்கிறது. ஆனால் அதே ஆட்கள்தான் விவால்டியில் ஒருவர் மூச்சை இன்னொருவர் எடுத்துக்கொண்டு வாசித்தார்கள். பாடகர் மூச்சைப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு சங்கீதத்தையும் ஒரே மேடையில் உட்காரவைக்கிறவர்கள் சுருதியையும் தாளத்தையும் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எப்போது நிறுத்துவது என்பதை யார் முடிவு செய்வது, அதில்தான் சிக்கல், அதை யாரும் பேசுவதே இல்லை.

எட்டேகாலுக்குப் பொள்ளாச்சி பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் அத்தை. காற்று அடித்தது, வெக்கைக் காற்றுதான். சோப்ரானோவைப் பற்றியோ நாயைப் பற்றியோ ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை, முன் சீட்டுக் கம்பியில் விரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. டவுனைத் தாண்டி இருட்டு வந்ததும்தான் மெதுவாகக் குரல் கேட்டது. வசந்தா. அந்தப் பையன் விட்ட இடத்திலிருந்து, அதே தைவதத்தைச் சுற்றி, அவன் குரலுக்கு ஒரு ஸ்தாயி மேலே, கூட்டிக் கழித்துப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கணக்கு தப்பிற்று, "ச்சே" என்று திரும்ப ஆரம்பித்தார். எதிர்ச் சீட்டுக்காரர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். எலப்புள்ளியில் ஆள் இறக்கி, கண்டக்டர் டபுள் பெல் அடிக்கவும் அத்தை பல்லவி தொடங்குகிற எடுப்பில் வந்து விழவும் சரியாக இருந்தது.

"ரெண்டு ஆவர்த்தனம்" என்றார் அத்தை. "இன்னும் ரெண்டே ரெண்டு விட்டிருந்தா முடிச்சிருப்பான்டா கண்ணு."